வாவிக்கும் கடலுக்கும் நடுவே நடை: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு நகரை ஆறுதலாக நடந்து பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வங்கியில் வேலை. நாள் முழுக்கக் கதிரையில்தான். மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் சுற்றிலேயே அலுத்துவிடுகிறது. நகருக்குள் மனம் இளகும்படி நடக்க எங்கே தொடங்கலாம்? – வாசகி, ஏறாவூர்

பதில்: வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் தொடங்குங்கள். தீவு சிறியது. வழி மாறிப்போனாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கண்ணில் பட்டுவிடும். நின்று நின்று நடந்தாலும் ஒன்றரை மணித்தியாலத்தில் சுற்றி வரலாம்.

முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். பாடசாலை நாட்களில் காலை 7 மணி முதல் 7.45 வரையும், பிற்பகல் 1.15 முதல் 2.15 வரையும் புளியந்தீவுப் பக்கம் போகாதீர்கள். பழைய பெரிய பாடசாலைகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. வான்களும் மோட்டார் சைக்கிள்களும் வீதியை அடைத்துவிடும். ஞாயிறு பின்னேரம் நல்லது: கடைகள் பாதி பூட்டு, நடைபாதையில் சாமான் இல்லை. 4.15 மணிக்குத் தொடங்கினால் போதும். நவம்பரில் மட்டும் 3.45க்கே இறங்குங்கள். அந்த மாதத்தில் 5.40 அளவில் சூரியன் மறைந்துவிடும். கோட்டையில் தொடங்கி மேற்குக் கரையில் முடிப்பதுதான் பின்னேரத்துக்குரிய ஒழுங்கு. மட்டக்களப்பில் சூரியன் கடலில் எழும்பி வாவியில் இறங்கும். அதனால் காலையில் கடற்கரை, பின்னேரம் வாவிக்கரை. இந்த ஒன்றை மாற்றிச் செய்பவர்கள் முழு நேரமும் கண்ணுக்கு நேரே வெயிலோடு நடந்துவிட்டு, ஊரில் நிழலே இல்லை என்று திரும்புவார்கள்.

கோட்டைமுனைப் பாலத்தால் தீவுக்குள் வாருங்கள். பாலத்தின் நடுவில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வீச்சு வலைக்காரர் ஒருவராவது இருப்பார். வலை விரிந்து வட்டமாக விழுவதைப் பாருங்கள். அவர் தண்ணீரில் எதைப் பார்த்து வீசுகிறார் என்றும் கவனியுங்கள். மீன் கூட்டம் போகும் இடத்தில் நீரின் மேல் ஒரு சிறு நடுக்கம் தெரியும். அதைக் கண்டுபிடிக்கப் பழகுவதற்குள் தலையில் இருக்கும் வங்கிக் கணக்கு பாதி இறங்கிவிடும்.

அடுத்தது கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கையில் விழுந்தது. இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த முதற் கோட்டை இதுதான். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம். நீண்ட காலம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) நடந்த இடம் என்பதால் பலருக்கு இது கையெழுத்து வாங்க வரிசையில் நின்ற இடமாக மட்டுமே தெரியும். வாசலில் காவலர் இருந்தால் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பின்னேரம் பிந்தினால் விடமாட்டார்கள், அதனால் இதை முதலில் முடியுங்கள். மதிலின் மேல் ஏறினால் ஓரத்தில் கைப்பிடி இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் கல்லில் பாசி வழுக்கும். சதுர அமைப்பு விளங்கவேண்டுமென்றால் உள்ளே நடப்பதைவிட வெளியே அகழியோரமாக நடப்பது மேல்.

கோட்டையை விட்டால் பாடசாலைகளும் தேவாலயங்களும். மெதடிஸ்த மத்திய கல்லூரி வில்லியம் ஓல்ட் பாதிரியாரால் 1814இல் தொடங்கப்பட்டது. அவர் மறு வருடமே இங்கு காலமானார். புனித மிக்கேல் கல்லூரி 1873. புனித மரியாள் பேராலயம், ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில் எல்லாம் நடைத் தூரம்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் 'பார்த்து முடிக்க' வெளிக்கிடாதீர்கள். ஒரு நடைக்கு ஒரு விடயம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமை கூரைகள்: எந்த வீட்டில் பீலி ஓடு, எதில் தட்டோடு, எதில் தகரம். அடுத்த கிழமை விறாந்தைத் தூண்கள். பிறகு பெயர்ப் பலகைகள். பழைய வீதிப் பெயர்களில் பாதி வெள்ளைக்கார அதிகாரிகளுடையவை. ஒரே வீதி நான்கு தரம் நான்கு விதமாக இருக்கும். மைதானத்தில் உங்களுக்கு வராதது இதுதான்.

வாவிக்கரையோரம் காந்தி பூங்காவில் முடியுங்கள். வெயில் தணிந்த பிறகு பத்து நிமிடமாவது சும்மா இருங்கள். தீவின் கரை முழுவதும் திறந்து கிடப்பதில்லை, இடையிடையே தனியார் வளவுகள் வரும். அந்த இடங்களில் ஒழுங்கையால் உள்ளே வந்து மறுபடி கரைக்குப் போகவேண்டும். கரை தெரியாவிட்டாலும் காற்று எந்தப் பக்கம் ஈரமாக வருகிறது என்று பார்த்தால் திசை பிடிபடும்.

நடையைக் கெடுப்பவை மூன்று. நடையோடு சாமான் வாங்குவது. கையில் பை ஏறியதும் அது சந்தைக்குப் போன வேலையாகிவிடும். கைத்தொலைபேசி, முதல் அரை மணித்தியாலம் படம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கான் மூடி. பழைய வீதிகளில் நடைபாதை என்பது பெரும்பாலும் வடிகானின் மேல் போட்ட கொங்கிறீற்றுப் பலகைதான். உடைந்தது, ஆடுவது, இல்லாமலே போனது என்று எல்லாம் உண்டு. நிமிர்ந்து கூரை பார்க்க விரும்பினால் நின்று பாருங்கள். நடக்கும்போது கண் ஐந்தாறு அடி முன்னால் நிலத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கொழும்பிலிருந்து இரண்டு நாள் வருகிறோம். கல்லடியில் தங்குவோம். சூரிய உதயம் பார்க்க எத்தனை மணிக்கு எழும்பவேண்டும்? பாலம், கடற்கரை இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: பார்க்கலாம், காலையில் என்றால்.

உதயம் ஜூனில் 5.47 அளவில், நவம்பரில் 5.53 அளவில். ஜனவரி, பெப்ரவரியில் 6.20 வரை பிந்தும். வானம் நிறம் மாறுவது அதற்கு 25 நிமிடம் முன்பே தொடங்கிவிடும். வடிவு அந்த நேரத்தில்தான். எனவே உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாக மணலில் நிற்கும்படி வெளிக்கிடுங்கள். உதயத்துக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலத்தில் வெயில் சுடத் தொடங்கிவிடும். அதற்குள் கடற்கரை முடியவேண்டும், பாலம் அதன்பிறகு.

கல்லடி என்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய தரை. நகரிலிருந்து பாலத்தால் வந்து கல்முனை வீதியில் நேரே நடந்தால், இடக்கைப் பக்கம் திரும்பும் பெரும்பாலான ஒழுங்கைகள் கடலில் போய் முடியும். விடியும் முன் ஒழுங்கையால் போகும்போது ஒரு சிறு டோர்ச் கையில் வேண்டும். நாய்களைச் சமாளிக்கவும் அது உதவும். வெளிச்சம் ஆள் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் ஆலயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கோபுரம் சாய்ந்த கோயில். அங்கிருந்து வடக்கே போகப் போக நாவலடி, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் பக்கம். அன்று நாவலடியில் போன உயிர்கள் ஏராளம், இன்றும் அந்தக் குடும்பங்கள் இங்கேதான் வாழ்கின்றன. நினைவிடங்களில் செல்பி எடுக்காமல் நடந்து போங்கள்.

கரைவலை இழுக்கும் காலமென்றால், பொதுவாகச் சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கியிருக்கும் மாதங்களில், விடியற்காலையிலேயே ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று கயிறு இழுப்பதைக் காணலாம். கயிற்றைத் தாண்டிக் கடக்க வேண்டாம். இழுவையில் இருக்கும் கயிறு சட்டென்று முழங்கால் உயரத்துக்கு எழும்பும். வரிசையின் பின்னால் சுற்றி வாருங்கள். இழுக்கக் கேட்டால் கை கொடுங்கள், யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. ஆனால் உள்ளங்கை உரியும் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

திரும்பும் வழியில் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம். சுவாமி விபுலாநந்தர் 1929இல் தொடங்கிய பாடசாலை. அவரது சமாதியும் அந்த வளவில்தான். பிறகு பாலம். ஒன்று பக்கத்தில் ஒன்றாக இரண்டு பாலங்கள்: 1924இல் ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரில் கட்டிய இரும்புப் பாலம், 2013 மார்ச்சில் திறந்த புதிய பாலம். நடப்பதற்குப் பழையது. ஒடுங்கியது என்பதால் இருசக்கர வண்டி வந்தால் கைப்பிடி ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். இரும்பு காலை ஒன்பது மணிக்கே கை வைக்க முடியாதபடி சுடும். பிள்ளைகளைக் கம்பியில் சாயவிடாதீர்கள்.

மொத்தம் இரண்டரை மணித்தியாலம் வையுங்கள். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். காலைச் சாப்பாட்டை நடை முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். புட்டும் மீன் குழம்பும் வயிற்றில் இருந்தால் மணலில் கால் எழும்பாது. வெளிக்கிடும்போது ஒரு வாழைப்பழமும் வெறுந்தேத்தண்ணியும் போதும்.

கேள்வி: 'பாடும் மீன்' உண்மையா, விளம்பரமா? கேட்க என்ன செய்யவேண்டும்? – வாசகர்கள் பலர்

பதில்: இரவில் மட்டக்களப்பு வாவிக்குள்ளிருந்து இசைபோல் எழுவதாகச் சொல்லப்படும் அந்தச் சத்தம் உண்மை. பாடுவது எது என்பது இன்றுவரை தீர்ந்த கேள்வியல்ல. மீன் என்று வெளியூரார் சொல்வார்கள். வாவியில் தொழில் செய்யும் ஆட்கள் பலர் ஊரி என்பார்கள், வாவியடியில் கிடக்கும் சிப்பி வகை. எமர்சன் டென்னன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1848 செப்டெம்பரில் இங்கு வந்து விசாரித்தபோதும் மீனவர்கள் அவருக்கு ஊரியைத்தான் காட்டினார்கள். 1950களில் இங்கிருந்த அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் ஒருவர் அதை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் அது இலங்கை வானொலியிலும் போனது.

பலர் பாலத்தில் நின்று காது கொடுத்துப் பார்த்துவிட்டுப் பொய் என்று திரும்புகிறார்கள். காரணம் எளிது. தண்ணீருக்குள் எழும் ஒலி நீர்மட்டத்தில் முட்டித் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் காற்றுக்கு வரும். அதற்கு மேல் பாலத்தில் ஓடும் வாகன இரைச்சல். எனவே ஒலி வர ஒரு கடத்தி வேண்டும். மீனவர்கள் பயன்படுத்துவது துடுப்பு.

காலம் சித்திரை முதல் புரட்டாதி வரை, ஏப்ரல் – செப்டெம்பர். பூரணையும் அதற்கு இரண்டு நாள் முன்பின்னும். நேரம் இரவு பத்தரைக்குப் பிறகு. வாகனம் குறையும், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் விழுந்திருக்கும். காற்றடித்தால் போகவே வேண்டாம், அலை தோணியில் அடிக்கும் சத்தம் ஒன்றுதான் கேட்கும்.

மரத் துடுப்புள்ள தோணி பிடியுங்கள். இயந்திரம் பூட்டிய படகென்றால் கல்லடிப் பாலத்திலிருந்து சற்று விலகியதும் நிறுத்தச் சொல்லி, நங்கூரம் போட்டபின் பத்து நிமிடம் ஒருவரும் அசையாமல் இருங்கள். துடுப்பின் அலகு முழுவதும் நீரில் அமிழவேண்டும். கைபிடி நுனியைத் துடைத்து, காதுத் துவாரத்தில் வைக்காமல் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திப் பிடியுங்கள். மற்றக் காதை விரலால் அடையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். ஒரு சுரம் நீளமாக வராது. நரம்பைச் சுண்டினாற்போல, சில சமயம் தவளைக் கூட்டம் தூரத்தில் கத்தினாற்போல, விட்டு விட்டு வரும். ஒன்றும் இல்லையென்றால் முப்பது மீட்டர் தள்ளிப் போய் மறுபடி வையுங்கள். ஒரே இடத்தில் ஒரு மணித்தியாலம் குந்தியிருப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. சத்தம் வாவியடியின் கற்பாறைத் திட்டுகளை ஒட்டித்தான் வரும், இரண்டு திட்டுகளுக்கு இடையே ஒரு சத்தமும் இல்லாத பரப்பு கிடக்கலாம்.

உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். கையைத் தண்ணீரில் தொங்கவிடாதீர்கள், வாவியில் முதலை உண்டு. கூலியை ஏறுமுன் பேசி முடியுங்கள். சத்தம் கேட்டால்தான் காசு என்று பேரம் பேசுவது சரியில்லை. தோணிக்காரருடைய பொறுப்பு உங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது மட்டும்தான்.

கேள்வி: கல்லடி மணலில் ஒரு கிழமை நடந்தேன். இப்போது கெண்டைக்கால் பிடித்து, காலையில் குதிகால் ஊன்ற முடியவில்லை. மணலில் வெறுங்காலோடு நடப்பது நல்லது என்றுதானே சொல்கிறார்கள்? – வாசகர், ஆரையம்பதி

பதில்: நல்லதுதான், பழகிய காலுக்கு. காய்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரு மடங்குக்கு மேல் சக்தி போகும். குதிகால் புதைவதால் ஒவ்வொரு எட்டிலும் கெண்டைக்கால் தசை கூடுதலாக இழுபடும். சப்பாத்தோடு வருடக்கணக்கில் நடந்தவர் முதல் நாளே ஒரு மணித்தியாலம் வெறுங்காலோடு மணலில் நடந்தால், உள்ளங்காலின் அடிநார் வீங்கி, எழும்பியதும் முதல் சில எட்டுகள் ஊசி குத்தினாற்போல் இருக்கும்.

இரண்டு கிழமை மணலை விடுங்கள். வீதியில் மெத்தென்ற அடியுள்ள சப்பாத்தோடு நடக்கலாம், வலி கூடாத அளவுக்கு. கட்டிலை விட்டு இறங்குமுன் ஒரு துவாயை உள்ளங்காலில் கொடுத்து, முழங்காலை நீட்டி, உங்கள் பக்கம் இழுத்து முப்பது விநாடி பிடியுங்கள். காலுக்கு மூன்று தரம். ஆறு கிழமைக்குப் பிறகும் வலி இருந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மறுபடி தொடங்கும்போது ஈர மணலில், அலை இறங்கிப்போன இறுகிய பட்டியில், பத்து நிமிடம் மட்டும். கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அந்தப் பட்டி கடலை நோக்கிச் சரிந்திருக்கும், கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்வாக விழும். ஒரே திசையில் நெடுந்தூரம் போய் ஆட்டோவில் திரும்பினால் ஒரு பக்கத்து இடுப்பும் முழங்காலும் நோகும். போன அளவு அதே வழியால் திரும்பி நடந்தால் இரண்டு காலுக்கும் சமமாகும். எங்கள் கரையில் வற்றுப் பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் வற்றுப் பெருக்கு கூடிய நாடுகளைப் போல அகன்ற ஈரப் பட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கிடைப்பது எப்போதும் ஒடுங்கியதுதான்.

பத்து மணிக்குப் பிறகு வெறுங்கால் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வயது 64. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். காலையில் வெறும் வயிற்றில் நடக்கலாமா? – வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இன்சுலின் போடுபவர், அல்லது சீனியைத் திடீரென்று இறக்கும் குளிசை எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிட்டு அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் கழித்து நடப்பது உங்களுக்கு நல்லது. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியையும் அது குறைக்கும். குளிசையின் பெயரைச் சொல்லி உங்கள் வைத்தியரிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலத்தில் தேக்கரண்டியால் நிரப்பி மூன்று கரண்டி சீனி, அதாவது 15 கிராம் அளவு. நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே உட்கார்ந்து அதைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. 'வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்' என்று எழும்பி நடப்பவர்கள்தான் வீதியில் விழுகிறார்கள். குளுக்கோமீற்றர் வைத்திருந்தால் 70க்குக் (mg/dL) கீழே இருக்கும்போது நடை இல்லை.

கால்தான் உங்கள் பெரிய கவலையாக இருக்கவேண்டும். உணர்வு குறைந்த காலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. மணலிலும் கோயில் வீதியிலும் வெறுங்கால் ஆபத்து. கோயில் சுற்றுவதென்றால் நிலம் சுடுமுன் சுற்றுங்கள். சப்பாத்தைப் பின்னேரத்தில் போய் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், கழற்றியபின் அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். கொப்புளம் கண்டால் உடைக்காதீர்கள்.

கேள்வி: தனியாக நடக்க விருப்பம். பெண் என்பதால் வீட்டில் யோசிக்கிறார்கள். – வாசகி, கல்முனை

பதில்: காலை 6 முதல் 8 வரை கல்லடிப் பாலத்திலும் கடற்கரை வீதியிலும் நடப்பவர்கள் நிறையப் பேர். தனியாகத் தெரியமாட்டீர்கள். மக்கள் இல்லாத இடம் எதுவென்றால் கடற்கரையின் வடக்குப் பக்கம், முகத்துவாரத்தை அண்டிய மணல். அங்கே துணையோடு போங்கள். இருள முன்னம் பிரதான வீதிக்கு வந்துவிடுங்கள்.

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவருக்குச் சொல்லிவைப்பது ஆண்களுக்கும் நல்லதுதான், அவர்கள் செய்வதில்லை. ஒரே நேரத்தில் ஒரே வழியால் பத்து நாள் போனால் வடைக்கடைக்காரி, வலை பின்னுகிறவர், கோயில் வாசலில் பூ விற்பவர் எல்லோருக்கும் உங்கள் முகம் தெரிந்துவிடும். எந்தச் செயலியையும்விட அது பாதுகாப்பு.

கேள்வி: வழி கேட்டால் மட்டக்களப்பார் சொல்வது விளங்குவதில்லை! – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 'நேரே போய் மறுகா இடக்கைப் பக்கம் கிறுகுங்க' என்றால், நேரே போய் அதன்பிறகு இடப்பக்கம் திரும்புங்கள் என்று பொருள். மறுகா என்றால் பிறகு. இதற்குள் நீங்கள் வாழைச்சேனை வரை நேரே போயிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். தூரத்தைக் கேட்காதீர்கள், 'கிட்டத்தான்' என்பது அரை மைலும் ஆகலாம். எத்தனையாவது சந்தி என்று கேளுங்கள்.

கேள்வி: கச்சான் காலத்தில் நடந்தால் தலை இடிக்கிறது. மாரியில் வெளியே இறங்கவே முடியாது. பிறகு எப்போதுதான் நடப்பது? – வாசகி, செங்கலடி

பதில்: வருடம் முழுவதும் நடக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல.

கச்சான் மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து நிலத்தின் மேலாகக் காய்ந்து வரும் காற்று. வியர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடுவதால் தண்ணீர் இழந்தது தெரியாது. தலையிடிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வெளிக்கிடுமுன் இரண்டு கிளாஸ், பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் 150 – 200 மில்லிலீற்றர், தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நடந்தால் இளநீர், இல்லையென்றால் ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல் தூள்) கரைத்தது. அந்த மாதங்களில் காலையில் மட்டும் நடக்கவேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கும் சுவர்கள் சூடு கக்கிக்கொண்டிருக்கும்.

மாரி, நவம்பர் முதல் ஜனவரி வரை, மழை விட்ட இடைவெளிகளில் நகர் வெகு வடிவு. ஆனால் வீதியில் நீர் நின்றால் கானும் வீதியும் ஒன்றாகிவிடும். அடி தெரியாத தண்ணீரில் கால் வைக்காதீர்கள். குடைக்கம்பால் தட்டிப் பார்த்து, வீதியின் நடுப்பக்கமாக நடங்கள். வெள்ளம் கூடி முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்ட நாட்களில் அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகவேண்டாம். வெட்டிய வாயின் மணல் கரை காலுக்குக் கீழேயே இடிந்து விழும், வாவி நீர் கடலுக்கு இழுக்கும் வேகத்தில் நீச்சல்காரரும் நிற்கமாட்டார்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி. மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் முப்பது விநாடிக்குக் குறைவென்றால் கடற்கரையையும் பாலத்தையும் விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வரை வெளியே வராதீர்கள். வெறும் மணலில் மிக உயரமான பொருள் நீங்கள்தான், கையில் குடை இருந்தால் இன்னும் உயரம்.

கேள்வி: பிள்ளைகளோடு வெளிச்சவீட்டுக்கு நடக்கலாமா? – வாசகர், வந்தாறுமூலை

பதில்: நகரிலிருந்து நடந்து போகாதீர்கள். பாலமீன்மடு வரை ஆட்டோவில் போய் அங்கே இறங்கி நடங்கள். வெளிச்சவீடு 1913இல் கட்டியது, 28 மீட்டர் உயரம். சுற்றிலும் கண்டல் மரங்கள், வாவி கடலோடு சேரும் இடம், கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி. பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் அலுக்காமல் இருப்பார்கள். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு கண்டல் பக்கம் நுளம்பு பிடுங்கும், நீளக் காற்சட்டை போட்டு அழைத்துப் போங்கள். கடலில் குளிக்க இறங்கவிடாதீர்கள். முகத்துவாரத்துக்கு அண்மையில் நீரோட்டம் ஒரே நாளில் திசை மாறும்.

திரும்பும்போது நேரமிருந்தால் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக் குளக்கரையில் இறங்கலாம். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் மட்டும் அந்த வழியை விடுங்கள், நடக்க அல்ல நிற்கவே இடம் இராது.

கேள்வி: காத்தான்குடிக்குள் நடக்கலாமா? – வாசகி, திருகோணமலை

பதில்: தாராளமாக. கல்முனை வீதியின் நடுவே வரிசையாக ஈச்சமரங்கள். ஜூன், ஜூலையில் குலை தள்ளியிருக்கும். வெள்ளிக்கிழமை 12 முதல் 1.30 வரை கடைகள் பூட்டு, வீதியில் நெரிசல். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. பள்ளிவாசலுக்குள் போகவேண்டுமென்றால் வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் பின்னேரம் குடும்பங்களாக இருப்பார்கள், முகம் தெரிய அவர்களைப் படம் எடுக்கவேண்டாம். கல்லடியிலிருந்து நடந்து போய் பஸ்ஸில் திரும்புங்கள். பஸ் அடிக்கடி வரும்.

கேள்வி: நாய் துரத்தினால்? – வாசகர், காரைதீவு

பதில்: ஓடாதீர்கள். நின்று, பக்கவாட்டாகத் திரும்பி, கண்ணை நேரே பார்க்காமல், மெதுவாகப் பின்னால் எடுத்து வைத்து நடங்கள். கையில் குடை இருந்தால் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் அதை விரியுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் பூசக்கூடாது. நாய் வீட்டு நாயா தெரு நாயா என்று விசாரித்துக்கொண்டு மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.